நாலாயிரத்து இருநூறு பேர்

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி விட்டபாடில்லை, ஆனாலும் பிடிவாதமாக மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்நிய தேசத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் மின்னஞ்சல். எழுத்தில் கத்த முடியாது பார்.

விஷயம் இதுதான். எங்கள் துறையின் மருந்து அட்டை உனக்குத் தெரியும். சிறுநீரகம், இருதயம், நுரையீரல் என்று தீராத நோய் உள்ளவர்கள் அதைக் காட்டித்தான் அரசு மருந்தகத்தில் மாதாமாதம் மருந்து வாங்குகிறார்கள். ஆறு லட்சம் அட்டைகள். இதுவரை வருஷம் முழுக்க, வருகிறவர்களுக்கு வருகிறபோது நேரில் புதுப்பித்துக் கொடுத்தோம். இந்த வருஷம் எல்லாம் இணையதளத்தில்தான், செப்டம்பர் ஒன்று முதல் பத்து வரை பத்தே நாள் என்று மேலே முடிவாகிவிட்டது. புதுப்பிக்காதவர்களுக்கு அக்டோபர் முதல் மருந்து கிடையாது. தளத்துக்குப் பொறுப்பு நான்.

நேற்று அலுவலகத்தில் முந்நூறு பேர் ஒரே சமயத்தில் திறந்து பார்த்தோம். ஒரு பக்கம் வர நாலு நிமிடம் ஆயிற்று. உன் கம்பெனியின் ஆன்லைன் விளையாட்டை இருபது லட்சம் பேர் ஒன்றாக ஆடுகிறார்கள் என்று பீற்றிக்கொண்டாயே, அது எப்படி விழாமல் நிற்கிறது? எங்களுடையது மட்டும் ஏன் முக்குகிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல். அவளை மாடி ஏற விடாதே.

சர்க்காரும் நாங்களும் ஒன்றா? கேள்.

முதலில், இருபது லட்சம் பேரும் ஒரே இடத்தில் ஆடுவதில்லை. நூறு நூறு பேராகப் பிரித்துத் தனித்தனி அறையில் விடுகிறோம். ஒரு அறையில் நடப்பது பக்கத்து அறைக்குத் தெரியவே வேண்டாம். ஆள் கூடினால் அறையைக் கூட்டுவோம். கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதால், கூட்டம் கலைந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அப்படியும் தாங்காவிட்டால் வாசலிலேயே ‘காத்திருக்கவும், உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்’ என்று நிறுத்திவைப்போம். திட்டிக்கொண்டே நிற்பார்கள். ஆனால் நிற்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எங்கள் ஆட்டத்தை வெளியிடுவதற்கு முன்னால் நாங்களே அடித்துப் பார்ப்போம். பொய் ஆட்டக்காரர்களை லட்சக்கணக்கில் உருவாக்கி ஏவிவிடும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எங்கே முறிகிறது என்று பார்த்து அங்கே கட்டுவோம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முந்நூறு பேரைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, பட்டனை அமுக்கச் சொல்கிறீர்கள். ஆறு லட்சம் எங்கே, முந்நூறு எங்கே! ஆழம் தெரியாமல் காலை விடாதே அக்கா.

உன் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே? அம்மாவைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டோம். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது சரியாகிவிட்டாள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. உன் ஆட்டத்தில் ஒருவன் சுட்ட குண்டு தொலைந்து போனால் என்ன ஆகும்? திட்டுவான், மறுபடி சுடுவான். எங்கள் தளத்தில் ஒருவரின் விண்ணப்பம் தொலைந்தால் அவருக்கு மாத்திரை தொலைந்தது. உனக்கு வேண்டாதவனை நீ உள்ளேயே விடாமல் இருக்கலாம். பழைய போன் வைத்திருப்பவனிடம் புதிது வாங்கிக்கொண்டு வா என்று சொல்லலாம். நான் யாரையும் அப்படிச் சொல்ல முடியாது.

அறை அறையாகப் பிரி என்கிறாய். எங்கள் தளத்தில் ‘புதுப்பி’ என்று ஒருவர் அமுக்கியதும் அது நாலு துறைகளைக் கேட்கிறது. இந்த ஆள் யார், எந்த மருத்துவமனை, என்ன நோய், உயிரோடு இருக்கிறாரா. நாலும் நாலு காலத்து மெஷின்கள். இறப்புப் பதிவேட்டின் மெஷின் என்னை விட சீனியர். நாலும் ‘சரி’ என்று சொல்கிற வரைக்கும் அந்த ஆள் எங்கள் வாசலில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் நிற்கிறார்கள். கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் வாடகைக்கு எடுக்க ஐந்து கையெழுத்து. டெண்டரில் எழுதாதது எங்கள் உலகத்தில் இல்லை.

ஒப்பந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் “ஆச்சு சார், ஆச்சு” என்பார். பெயரே ‘ஆச்சு சார்’ ஆகிவிட்டது. நான் கத்திய பிறகு இரண்டு மெஷின் கூட்டினார். இப்போது முந்நூறு பேருக்கு மூச்சு வாங்கவில்லை. “பெரிய கூட்டத்த வெச்சு சோதிச்சீங்களா?” என்றேன். “ஆச்சு மேடம்” என்றார். எப்போது என்று கேட்டால் செல்போனைப் பார்க்கிறார்.

ஜூலை 14 காலை பதினோரு மணிக்குச் செயலாளர் முன்னிலையில் ஒத்திகை. சோதனைத் தளத்தின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். பக்கங்கள் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துச் சொல்.

உன் அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பக்கங்களைப் பார்த்தேன். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அது விழும் அக்கா. உன் நாலு துறைக் கதையைக் கேட்ட பிறகு இன்னும் நிச்சயமாகச் சொல்கிறேன். பத்து நிமிடம் என் கையில் கொடுத்தால் நிரூபித்துக் காட்டுவேன். நீ நம்ப மாட்டாய். சின்ன வயதிலிருந்தே நான் சொன்ன எதை நீ நம்பினாய்?

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

முந்தாநாள் ஒத்திகை. கூட்ட அறையில் பெரிய திரை. செயலாளர், இயக்குநர், இன்னும் பதினைந்து பேர். முதல் இருபது நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆச்சு சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பதினொன்று இருபதுக்குத் திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, வெள்ளையாகிவிட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்து நிமிடம் கழித்து ஆச்சு சார் ஓடி வந்தார். முகத்தில் கவலை இல்லை, சந்தோஷம்! “வெளிநாட்டுலேர்ந்து அட்டாக் சார்! ஆயிரக்கணக்குல வந்து மோதியிருக்காங்க. நம்ம தளத்துல ஒரு கோளாறும் இல்ல!” செயலாளரும் தலையாட்டினார். கோளாறு இல்லை என்று கேட்க எல்லோருக்கும் பிடித்திருந்தது.

போலீஸ் விசாரணை உண்டாம். சோதனை முகவரியும் நேரமும் வெளியில் எப்படிப் போனது என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். ‘வெளியாட்கள் யாரிடமும் சொல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நீ எப்படி இருக்கிறாய்? உடனே எழுது.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு வாரம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. இங்கே விடாத மழை. முதுகுப் பிடிப்பு வேறு. நாற்காலியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்தக் கீழ் அறையில் வெளிச்சம் போதுமா? ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போடு.

விசாரணையில் ஏதாவது சொன்னார்களா?

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

கட்டில் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

விசாரணை மெதுவாகப் போகிறது. தளத்தின் வேலைதான் வேகமாக முடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாரும் கூட்டமாக வந்து மோத முடியாதபடி ஆச்சு சார் சுவர் எழுப்பிவிட்டார். அவ்வளவுதான். உள்ளே ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. செப்டம்பர் முதல் தேதி காலை பத்து மணிக்கு ஆறு லட்சம் பேருக்கும் ஒரே கதவைத் திறக்கப் போகிறார்கள். “முதல் நாளே எல்லாரும் வருவாங்களே” என்று கூட்டத்தில் சொன்னேன். “உங்களுக்கு எப்பவும் பயம்தான் மேடம்” என்று ஆச்சு சார் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

மருந்து நின்றுவிடும் என்று பயந்தவன் பத்தாம் தேதி வரை காத்திருப்பானா? முதல் பத்து நிமிடத்திலேயே முப்பதாயிரம் பேராவது வந்துவிடுவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். விழுந்தால் எத்தனை நாளில் எழும்? விண்ணப்பம் பாதியில் நின்றவர்கள் கதி?

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. எத்தனை பேர் ஒன்றாக வந்தால் எங்கள் தளம் விழும்? ஊகித்துச் சொல்லாதே. தெரியும் என்றால் தெரியும் என்று எழுது. தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

நாலாயிரத்து இருநூறு.

மூவாயிரம் வரை தாங்கியது. மூவாயிரத்து எண்ணூறில் திணறியது. நாலாயிரத்து இருநூறில் இறப்புப் பதிவேட்டிலிருந்து பதில் வருவது நின்றது, அதோடு எல்லாம் நின்றது. உடனே நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்குள் அது எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது.

கம்பெனிக் கருவியைத்தான் பயன்படுத்தினேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். இந்த மூன்று வாரமும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். நீ அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டது என்னால் என்று தெரிந்தும் மழையைப் பற்றி எழுதினேன் பார், அது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன்.

தம்பி


ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ பயந்துகொண்டிருப்பாய் என்று தெரிந்தும் ஒன்பது நாள் எழுதவில்லை. இன்று காலை இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் நீ சரி என்றிருப்பாய், எனக்குத்தான் மனசு வந்திருக்காது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

“சார், ஒத்திகைல நடந்தது அட்டாக் இல்ல. என் தம்பி.”

பேனாவை மூடி வைத்தார். “என்னம்மா சொல்றீங்க?”

“முகவரிய நான்தான் அவனுக்கு எழுதினேன். நாலாயிரத்து இருநூறு பேர் வர்ற மாதிரி அனுப்பிப் பாத்திருக்கான். தாங்கல. முதல் தேதி நிஜமாவே முப்பதாயிரம் பேர் வருவாங்க.”

“நீங்க எழுதிக் குடுத்த வாக்குமூலம்?”

“பொய் சார்.”

ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு மாதம். “இத நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. புரியுதா?”

“முதல் தேதி பத்து மணிக்கு ஊருக்கே கேட்டுடும் சார்.”

எழுந்து மின்விசிறியைக் குறைத்தார், மறுபடி கூட்டினார். பிறகு உட்கார்ந்து, “வாய் வார்த்தையா மேல கொண்டு போனா என்னப் பாத்து சிரிப்பாங்க. எழுத்துல வேணும். எத்தன பேர் அனுப்பினான், எந்த நிமிஷம், எங்க முறிஞ்சுது, என்ன செஞ்சா நிக்கும். அவன் பேரும் கையெழுத்தும் வேணும். தருவானா?” என்றார்.

“தருவான் சார்” என்றேன்.

நான் சொன்னது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு (நகல்: என் அக்காவுக்கு),

வணக்கம். ஜூலை 14 அன்று தங்கள் சோதனைத் தளத்தின் மீது அனுமதியின்றிச் சுமை ஏற்றியவன் நான். என் அக்கா பக்கங்களைப் படித்துப் பார்க்கத்தான் முகவரி கொடுத்தார். நான் செய்தது அவருக்குத் தெரியாது. நோயாளிகள் பாதிக்கப்படக் கூடாது என்ற எண்ணத்தில் செய்தேன். நிமிடவாரியான விவரங்களை இணைத்துள்ளேன்.

இருக்கிற மெஷின்களை வைத்தே இதைத் தாங்க வைக்கலாம். ஒரே நாளில் எல்லோரையும் அழைக்க வேண்டாம். அட்டை எண்ணின் கடைசி இலக்கப்படி, ஒரு நாளைக்கு ஒரு இலக்கம். வாசலில் ஒரு காத்திருப்புப் பக்கம், அதில் வரிசை எண். ஒரு சமயத்தில் உள்ளே இரண்டாயிரம் பேருக்கு மேல் விட வேண்டாம். விண்ணப்பத்தை முதலில் வாங்கிக்கொண்டு ரசீது எண்ணைக் கொடுத்து அவரை அனுப்பிவிட வேண்டும். நாலு துறைகளையும் பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். பதில் வரும் வரை அவரை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

எந்த விசாரணைக்கும் கட்டுப்படுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விளையாட்டுக் கம்பெனி ஊழியன் (பெயரும் கையெழுத்தும் இணைப்பில்)


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி, உங்கள் துறையிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். என் மேலாளர் வாசல் வரை கூட வந்து, “நீ பண்ணினது தப்பு. ஆனா அறிக்கை நல்லா எழுதியிருந்தே” என்றார். முப்பது நாளில் கிளம்ப வேண்டும். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இதை நம்பு.

மூன்றாம் தேதியிலிருந்து தினமும் உங்கள் தளத்தை வெளியிலிருந்து பார்க்கிறேன், வெறும் கண்ணால்தான். ‘உங்களுக்கு முன்னால் 11,340 பேர்’ என்று காட்டியது. எண் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து நின்று கை தட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிகளுக்காகச் செய்தேன் என்று அந்தக் கடிதத்தில் எழுதினேன். அது உண்மையில்லை. அன்று எனக்கு எந்த நோயாளியும் ஞாபகத்தில் இல்லை. நான் சொன்னது சரி என்று உன் கண்ணெதிரே நடந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். திரை வெள்ளையானபோது உன் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். உன் ஜூலைக் கடிதம் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இயக்குநரிடம் சொல்லத் தேவையில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி


செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவிடம் நீ வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. உன் அறையைத் துடைக்கச் சொல்லி ஆளை விரட்டுகிறாள்.

தளம் கடைசி வரை விழவில்லை. திணறியது, திட்டு வாங்கியது, ஆனால் நின்றது. ஆச்சு சார் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் “காத்திருப்பு வரிசை நம்ம யோசனைதான்” என்கிறார். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்து நேரடிக் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். பொய் வாக்குமூலத்துக்கு விசாரணை தனியாக நடக்கும். அது நியாயம்தான்.

நீ மனசைத் திறந்து எழுதினாய். நானும் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாற்றங்களைச் செய்து முடிக்க இரண்டாம் தேதி வரை ஆகிவிட்டது. பத்து நாளில் எட்டு நாள்தான் மிச்சம், கடைசித் தேதியைத் தள்ளிவைக்க மேலே சம்மதிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு இலக்கம் என்றால் எட்டு இலக்கம். ஒன்பதிலும் பூஜ்யத்திலும் முடிகிற அட்டைகளை என்ன செய்வது? நேரில் வரச் சொன்னார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர், நோயோடு, வெயிலில், வரிசையில். “இன்னும் ஒரு வாரம் முன்னால சொல்லியிருந்தா பத்து இலக்கத்தையும் ஏத்தியிருக்கலாம் மேடம்” என்றாள் நிரல் எழுதுகிற பெண். குற்றம் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

உன் கடிதம் எனக்கு வந்தது ஆகஸ்ட் ஐந்து. நான் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது பதினாலு. நடுவில் ஒன்பது நாள் உன்னைக் காப்பாற்ற வழி தேடினேன். உன்னை மட்டும் என்று சொன்னால் பொய். என்னையும்தான். கையெழுத்துப் போட்ட தாள் என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

எட்டாம் தேதி என் கவுண்டர் வரிசையில் ஒரு தையல்காரம்மா மயங்கி விழுந்தார். இருதய நோயாளி. ஏழு மணிக்கே வந்து நின்றாராம். இரும்புக் கம்பியில் மோதி நெற்றி பிளந்துவிட்டது. இன்னும் வார்டில்தான் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள், இடது கை மட்டும் சரியாக வரவில்லை. புதுப்பித்த அட்டையை நானே எடுத்துக்கொண்டு நேற்றுப் போனேன். வலது கையால் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, எல்லாரும் வீட்லேர்ந்தே போட்டாங்களாமே. எங்க நம்பருக்கு மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டார்.

“நாள் பத்தலம்மா” என்றேன்.

“ஆமாமா, கவர்மென்ட்டுன்னா அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு பஸ் போனது, ஏறவில்லை.

நீ கிளம்பும் தேதியை எழுது. இன்று மாலை நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். அந்த ஒன்பது நாட்களும் எங்கே போயின என்று அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகும் அவர் என் கையைத் தொடுவாரா, தெரியவில்லை.

உன் அக்கா